பதுங்குகுழி வளையில் தொங்கிய எஞ்சின்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோயிற்று. ஆனால், கார்கள் நின்றுவிடவில்லை. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் அதையும் தாங்கிக்கொண்டன.

அதற்கு ஒரு விலை இருந்தது. மண்ணெண்ணெய் முழுவதும் எரிவதில்லை. எஞ்சியது சிலிண்டர் சுவர் வழியே இறங்கி, எஞ்சின் ஒயிலுடன் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பிஸ்டன் றிங்குகள் தேயும். கிராங் தண்டின் பெயாரிங்குகள் தட்டத் தொடங்கும். அந்தத் தட்டல் கேட்டால் எஞ்சினை வெளியே எடுக்கத்தான் வேண்டும்.

1992 இல் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரேயொரு வாடகைக் காருக்கு அந்த நிலை வந்தது. அது 1098 சிசி மொறிஸ் மைனர். இரவில் எவருக்கேனும் நோய் கண்டால் பெரியாஸ்பத்திரிக்குப் போவது அந்தக் காரில்தான். இரண்டு வீடு தள்ளி ஒரு பெண்ணுக்கு அப்போது நிறைமாதம். மூன்று நாளில் கார் ஓடவேண்டும் என்றார் சாரதி.

பாரந்தூக்கும் சங்கிலிக் கப்பி வைத்திருந்த கராஜ் செல்லடியில் அழிந்துபோயிருந்தது. மெக்கானிக் அண்ணை எங்கள் முற்றத்து மாமரத்தை அண்ணாந்து பார்த்தார். "வளை ஒண்டு தாங்கோ தம்பி, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். நல்ல பனைகளெல்லாம் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிவிட்ட காலம் அது. எங்கள் குழியின் மேலும் ஐந்து குற்றிகள் கிடந்தன. மண்மூட்டைகளை அகற்றி நடுக்குற்றியை உருவினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வானத்தை மட்டும் பார்த்தார்.

குற்றியின் ஒரு முனை மாமரக் கவரில். மறுமுனை கத்தரிபோலக் கட்டிய இரண்டு மரங்களின்மேல். குற்றியில் ஒரு கிணற்றுக் கப்பி, எஞ்சினைச் சுற்றிய சங்கிலியில் இன்னொன்று. இரண்டாவது கப்பி சேர்ந்தால் இழுப்பவர்களுக்குப் பாரம் பாதியாகும். நைலோன் கயிற்றை அண்ணை தொடவில்லை, அது இழுபடும் என்றார். கரையூரிலிருந்து கரைவலைக் கயிறு வந்தது.

பற்றறி, பொனற், றேடியேற்றர் எல்லாம் கழன்றன. ஒயிலும் தண்ணீரும் வடிக்கப்பட்டன. மைனரில் வேலைசெய்ய இடம் தாராளம். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் முதலில் அகலமான வேறொரு எஞ்சினை மனத்தில் வைத்திருந்தார். அந்த எஞ்சின் கைவிடப்பட்டது, இடம் மிஞ்சியது. ஈழத்து மெக்கானிக்குகளுக்கு அது அவர் அறியாமல் செய்த உதவி.

கியர் பொக்ஸுக்குக் கீழே மரக்கட்டை அடுக்கினார். கயிறு இறுகி, எஞ்சினின் பாரத்தை ஏற்றதும் அவர் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது: "எஞ்சினை எங்கையும் கொண்டுபோறேல்லைத் தம்பி. அது தொங்கட்டும். காரைத்தான் பின்னுக்குத் தள்ளுறது."

அப்படியே செய்தோம். மெல்லத் தள்ளியபோது கியர் பொக்ஸின் தண்டு கிளச் தட்டிலிருந்து நேராகக் கழன்றது. அந்த நேரத்தில் பாரம் தண்டில் விழுந்தால் தண்டு வளைந்துவிடும். பிறகு எஞ்சினை முன்தகட்டுக்கு மேலே உயர்த்தி, காரை முழுதாகப் பின்னே உருட்டினோம்.

100 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு அந்தரத்தில் நின்றபோது விமான இரைச்சல் கேட்டது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் நால்வர். அண்ணை பதறவில்லை. கயிற்றின் நுனியைத் தென்னையில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்டார். "இனி விடுங்கோ, ஓடுங்கோ" என்றார். ஓடினோம். குழிக்குள் நாங்கள் குந்தியிருந்த இடத்துக்கு மேலே, குற்றி இருந்த இடத்தில், நீள்சதுரமாக வானம் தெரிந்தது. அம்மா அதன் கீழே எவரையும் இருக்கவிடவில்லை. குண்டுகள் தூரத்தில் விழுந்தன. திரும்பி வந்தபோது எஞ்சின் ஒரு விரற்கடையும் இறங்கியிருக்கவில்லை.

பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து றிங்குகளும் பெயாரிங்குகளும் கிடைத்தன. மறுநாள் முழுவதும் அந்த வேலை.

கழற்றியது ஒரு காலைப்பொழுது, பூட்டியது ஒரு பகல். கிளச் தட்டு மிகச் சரியாக நடுவில் நிற்காவிட்டால் கியர் பொக்ஸின் தண்டு நுழையாது. அதற்கான கருவி அண்ணையிடம் இல்லை. வேலியில் ஒரு பூவரசங் கம்பை வெட்டி, தண்டின் பருமனுக்குச் சீவினார். அதைத் தட்டின் துளைக்குள் செருகி, தட்டை நடுவில் நிறுத்திப் போல்ற்றுகளை இறுக்கினார். பின்னர் எஞ்சினை இறக்கி, காரை அங்குலம் அங்குலமாக முன்னே தள்ளினோம். நான்கு விரல் இடைவெளியில் முட்டி நின்றது. காரைக் கியரில் போட்டு, கைபிடியால் கிராங் தண்டை மெல்லத் திருப்பச் சொன்னார். பல்லோடு பல் பொருந்தியதும் எஞ்சின் தானாகவே உள்ளே போயிற்று.

பிளக்குகளைக் கழற்றிவைத்து, ஒயில் எங்கும் ஏறும்வரை கைபிடியைச் சுற்றினோம். பிறகு பிளக்குகளைப் பூட்டிப் பெற்றோல் துளிகளை விட்டு ஒரு சுற்று. கரும்புகையுடன் இயங்கியது.

குற்றி அன்று பொழுதுபடுமுன்னரே குழிக்குத் திரும்பியது. அதிலிருந்த ஒயில் மணம் நெடுநாள் குழிக்குள் நின்றது. இரண்டு நாள் கழித்து, நள்ளிரவு தாண்டி, அந்தக் கார் ஒழுங்கையால் புறப்படும் சத்தம் கேட்டு விழித்தேன். காதைக் கொடுத்துக் கேட்டேன். தட்டல் இல்லை.