ஒற்றைக் காலில் ஒரு ஞாயிறு!

டாக்டர் என் கையில் சுற்றியிருந்த பட்டையைக் கழற்றிக்கொண்டே, "வயசு என்ன?" என்றார்.

"முப்பத்திரண்டு சார்."

"மெஷின் அம்பத்திரண்டுன்னு சொல்லுதே!"

150/100. உப்பைக் குறைக்கணும், நடக்கணும், யோகா பண்ணணும், செல்போனைத் தூர வைக்கணும். மூன்று மாசம் பார்த்துவிட்டு மாத்திரை என்றார். முதல் மூன்றும் சரி. நாலாவதுதான் இடித்தது. எங்கள் மானேஜருக்கு ராத்திரி தூக்கம் வராவிட்டால் ஆபீஸில் ஒருத்தனும் தூங்க முடியாது.

டாக்டரிடம் சொல்லாத சமாசாரம் ஒன்று உண்டு. முந்தின வாரம் நான் போனில் இருந்தபோது, நாலு வயசு மகள் தான் வரைந்த படத்தைக் காட்ட வந்தாள். நான் கத்திய கத்தலில், படத்தைக் கசக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். என்ன படம் என்றுகூட நான் பார்க்கவில்லை.

ஆக, மார்ச் மாத ஞாயிறு ஒன்றில், விடிகாலை ஐந்தரை மணிக்கு, பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் பாயும் கையுமாக நின்றேன்.

சாயங்காலத்தில் இங்கே கடல் பார்ப்பவர்களைவிடக் கடலை போடுபவர்கள்தான் அதிகம். விடிகாலையில் பீச்சே வேறு. ஊரூர் குப்பத்துப் பக்கம் படகு கிளம்பும் சத்தம். இருட்டில் வெள்ளையாக ஷ்மிட் நினைவு மண்டபம். எத்தனையோ சினிமா டூயட்டில் பார்த்திருப்பீர்கள். 1930-ல் இந்தக் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க் நாட்டு மாலுமியின் நினைவாகக் கட்டியது அது. அதன் முன்னால்தான் நாம் மிளகாய் பஜ்ஜி தின்கிறோம்!

யோகா மாஸ்டர் முதலில் மூச்சைப் பிடித்தார். (எங்களுடையதை.) "மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமா அடிக்கும். விடும்போது நிதானமாகும். அதனால விடுறதை நீட்டுங்க. ஒரு அலை வந்து திரும்புறதுக்குள்ள ஒரு மூச்சு, போதும்."

எனக்கு ஒரு அலைக்கு மூன்று மூச்சு வந்தது. அலை என்னைவிடப் பெரிய ஆபீஸில் வேலை பார்க்கிறது போல. அவசரமே இல்லை!

அடுத்து விருட்சாசனம். ஒற்றைக் காலில் மரம் மாதிரி நிற்க வேண்டும். வீட்டுத் தரையிலேயே நான் முருங்கை மரம், லேசாகத் தொட்டால் முறிந்துவிடுவேன். மணலோ காலுக்கடியில் நழுவிக்கொண்டே இருக்கிறது. கணுக்கால் ஓயாமல் அதற்கு ஈடு கொடுக்கணும்.

"எதிரே தரையில் ஒரு புள்ளியைப் பாருங்க. அதை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க" என்றார் மாஸ்டர்.

ஒரு கறுப்புப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தேன். பார்த்தேன். புள்ளி நகர்ந்தது!

பி.பி. முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுபடி பார்த்தேன். புள்ளிக்கு நாலு துடுப்பு. என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"சார், ஆமை!" என்று நான் விழ, மொத்த வகுப்பும் காடு சரிவதுபோல் சரிந்தது.

நீலாங்கரையிலிருந்து ராத்திரியெல்லாம் நடந்து ஆமை முட்டைகளைத் தேடும் மாணவர் கூட்டம் ஒன்று இங்கே உண்டு. 1988-லிருந்து நடக்கிறார்கள். கிடைத்த முட்டைகளை வேலிக்குள் மணலில் புதைத்துப் பாதுகாக்கிறார்கள். அன்றைய நடையை முடித்து நின்றிருந்த பெண் ஒருத்தி ஓடி வந்தாள்.

"அங்கிள், செல்போன் டார்ச்சை அணைங்க!"

(அங்கிளாம்! முப்பத்திரண்டு!)

"பங்குனி ஆமைக் குஞ்சு. நம்ம கண்ணில் படாத ஏதோ ஒரு குழியிலேருந்து வந்திருக்கு" என்றாள். தாய் ஆமை நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுப் போய்விடுமாம். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். ராத்திரியில் வெளியே வருகிற குஞ்சுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போ. ஆதியில் அது கடல் பக்கம்தான். இப்போது ரோட்டு விளக்கு அதைவிடப் பிரகாசம். குஞ்சு விளக்கை நம்பித் தார் ரோட்டுக்குப் போய்ச் சாகிறது.

பேன்ட் பாக்கெட்டில் என் போன் பளிச்சென்று எரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஸ்விட்ச் ஆஃப் செய்தேன். கல்யாணத்தன்றுகூட அதை நான் அணைத்ததில்லை.

அந்தப் பெண் குஞ்சை எடுத்து ஈர மணலுக்குச் சற்று முன்னால், கடலைப் பார்க்க வைத்தாள். "தண்ணில போடக் கூடாதா?" என்றேன். "அதுவே நடக்கட்டும்" என்றாள். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத உயிர் அது. ஒரு காலடிப் பள்ளத்தில் விழுந்தது, ஏறியது. முதல் அலை திருப்பித் தள்ளியது. இரண்டாவதும் தள்ளியது. மூன்றாவது எடுத்துக்கொண்டது. கிழக்கே மெல்ல வெளுத்தது. ஒருத்தரும் பேசவில்லை. அத்தனை நேரமும் ஆபீஸ் என்று ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகமில்லை.

போனை மறுபடி போட்டபோது மானேஜரின் பதினொரு மிஸ்டு கால். பதறிப்போய் கூப்பிட்டேன். "ஒண்ணுமில்லப்பா, ஃபைல் எங்கேன்னு கேட்டேன். என் டேபிள்லயே இருந்தது!"

அடுத்த ஞாயிறு மகளையும் அழைத்துப் போனேன். "அன்னிக்கு என்ன படம்டா வரைஞ்சே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மறந்து போச்சுப்பா" என்றாள். எனக்குத்தான் அது மறக்கவே இல்லை. பிறகு ஒற்றைக் காலில் நின்றபடியே எனக்கு ஆமைக் கதை சொன்னாள். கதை முடிவதற்குள் நான் நாலு தடவை விழுந்தேன். அவள் விழவே இல்லை!

போன வாரம் டாக்டர் மறுபடி பட்டையைச் சுற்றினார். 134/86.

"இப்ப மெஷின் என்ன வயசு சொல்லுது சார்?"

"நாற்பது. பரவாயில்ல, இறங்கிட்டு வர்றீங்க."

இறங்குகிறேன். ஆமை வேகம்தான். ஆனால், கடல் பக்கமாக!