களப்பில் ஒரு நாள்

பொல்பிட்டியவில் வாழும் நமக்கு நீர் என்றால் ஓடும் நீர்தான். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் நம் ஊர்ப் பக்கத்தில் ஒன்றுசேர்ந்து களனி கங்கையாகின்றன. சற்றுக் கீழே கித்துல்கலையில், பாறைகளுக்கிடையே இறப்பர் படகில் துள்ளிச் செல்ல வெளிநாட்டவர் வருகின்றனர். நாம் கரையில் நின்று பார்க்கிறோம். (நீந்தத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்?)

இந்த ஆற்றோடு அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு இறங்கி, கடலோரமாக வடக்கே சென்றால் நீர்கொழும்புக் களப்பை அடையலாம். சென்ற விடுமுறையில் நான் அங்கு சென்றேன். நீங்களும் ஒருமுறை செல்லுங்கள்.

களப்பு என்பது குறுகிய வாயினால் கடலோடு இணைந்த ஆழமற்ற நீர்நிலை. தண்டுகம் ஓயா நன்னீரைக் கொண்டுவர, வற்றுப்பெருக்கு உப்புநீரை உள்ளே தள்ளுகிறது. தெற்கே முத்துராஜவெல சதுப்புநிலம். அதன் வடபகுதி 1996இல் சரணாலயமாக்கப்பட்டது. ஆங்கிலேயர் 1802 முதல் 1804 வரை வெட்டிய ஹமில்டன் கால்வாயில் படகேறினால் மீன்கொத்தியும் நீர்க்காகமும் கபரகொய்யாவும் அருகிலேயே தென்படும்.

படகில் செல்லும்போது நீருக்குள் கிளைகள் குவிந்திருப்பதைக் காண்பீர்கள். குப்பை என்று எண்ணிவிடாதீர்கள். அவை மீனவர் இட்ட கண்டல் மரக்கிளைகள். மீனும் இறாலும் அங்கே ஒதுங்கும். சில வாரங்களின் பின் சுற்றிலும் வலையிட்டுக் கிளைகளை அகற்றிப் பிடிப்பார்கள். இதற்காகவே கண்டல் நட்டு வளர்ப்பவர்களும் உண்டு. வேகமாகச் செல்லும் மோட்டர் படகு இக்கிளைகளையும் வலைகளையும் கலைத்துவிட்டால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு போய்விடும். நம் தாய்மார் கொழுந்து பறிக்கையில் வானை நிறுத்திப் படமெடுத்துப் போகிறவர்களை நாம் அறிவோம் அல்லவா? களப்பில் அந்தப் பயணி நாம்தான். ஆகவே துடுப்புப் படகே எனக்குப் பிடித்தது. சத்தமில்லை, பறவைகளும் பறப்பதில்லை.

அம்மக்கள் பட்டது போதும். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் அக்கடலில் தீப்பற்றி, ஜூனில் மூழ்கியது. பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின, மீன்பிடி தடைசெய்யப்பட்டது.

செல்வதாயின் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான காலமே நல்லது. அப்போது மேற்குக் கடல் அமைதியாயிருக்கும். உயிர்காப்பு அங்கியைக் கட்டாயம் அணியுங்கள். பல இடங்களில் நீர் இடுப்பளவுதான் என்றாலும், களப்பின் வாயருகே வற்றுப்பெருக்கின் இழுவை பலமானது.