காவலில் இருப்பவரின் முகம்

நீதிமன்ற வாசலில் கைதி வேன் வந்து நின்றதும் கேமராக்கள் எல்லாம் ஒன்றாக மேலே எழும். பின்கதவு திறந்து, எஸ்கார்ட் போலீசார் நடுவே ஆள் இறங்கி உள்ளே போகச் சில விநாடிகள்தான் ஆகும். அதற்குள் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் குற்றச் செய்திப் புகைப்படக்காரனின் தொழில். லென்ஸும் ஷட்டரும் சீக்கிரம் கைவந்துவிடும். இந்தத் தீர்மானம் கைவர வருடங்கள் ஆகும்.

போலீஸ் பிரஸ் மீட்டில் மேஜை மேல் அரிவாள், நகை, கஞ்சாப் பொட்டலம் என்று பரப்பி வைத்திருப்பார்கள். பின்னால் முகத்தைத் துணியால் மூடி ஆட்களை நிறுத்தியிருப்பார்கள். புதிதாக வரும் தம்பிகள் கேட்பார்கள்: "அண்ணே, அக்யூஸ்டுக்கு எதுக்கு இந்த மரியாதை?"

முதல் காரணம் வழக்கு. முன்பின் தெரியாத ஆள் செய்த குற்றம் என்றால், மாஜிஸ்திரேட் மேற்பார்வையில் அடையாள அணிவகுப்பு நடக்கும். ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ள பலரோடு சந்தேக நபரையும் நிற்க வைப்பார்கள். சாட்சி தன் நினைவிலிருந்து ஆளைக் காட்ட வேண்டும். அதற்கு முன்பே அந்த முகம் பேப்பரில் வந்துவிட்டால், அவர் காட்டியது அன்று பார்த்த ஆளையா, பேப்பரில் பார்த்த படத்தையா? எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். அவசரப்பட்டு வெளியிட்ட ஒரு படத்தால் குற்றவாளி தப்பலாம், நிரபராதி மாட்டலாம்.

இரண்டாவது காரணம் அந்த மனிதர். கைது என்பது தண்டனை அல்ல. பிடிபட்ட செய்தி முதல் பக்கத்தில் படத்தோடு வரும். விடுதலையான செய்தி வந்தாலும் உள்பக்கத்தில் இரண்டு வரி. அந்தப் படமோ இணையத்தில் ஆயுள் முழுக்க நிற்கும். வேலை தேடும்போதும், பெண்ணுக்கு வரன் பார்க்கும்போதும் வந்து நிற்கும்.

இந்த நெறிக்கு ஊன்றுகோலாக இருக்கும் தீர்ப்பு நம் ஊர் வழக்கில் வந்தது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடச் சிறை அதிகாரிகள் தடை போட முயன்றார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம், பத்திரிகையை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது. ஒருவரின் அந்தரங்கம் அரசமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கியது என்றும் சொன்னது. கூடவே இன்னொன்றும் சொன்னது: அரசு ஊழியர் தன் கடமை தொடர்பான செயல்களுக்கு இந்த அந்தரங்க உரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாக உறுதி செய்தார்கள். என் தொழிலுக்கு வேண்டிய இலக்கணம் முழுக்க இதில் இருக்கிறது. காவலில் இருப்பவரிடம் கேமரா அடங்க வேண்டும். காவலில் வைத்திருப்பவரிடம் அது அஞ்சக் கூடாது.

போலீஸ் படம் எடுக்கவே கூடாதா என்றால், எடுக்கலாம். 1920-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், கைதானவர்களைப் படமெடுக்க அனுமதிக்கிறது. அந்தப் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாதவர் வழக்கிலிருந்து முழுமையாக விடுபட்டால், நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாதவரை பதிவை அழிக்க வேண்டும். ஆனால் எடுத்த படத்தைப் பகிர்வது சட்ட அமலாக்க அமைப்புகளுக்குள்தான். வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

கை காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் கைதிகளின் படங்கள் நம் மாநிலத்தில் பரவிய விதம் எல்லோருக்கும் தெரியும். பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று ஒரு வரி கீழே இருக்கும். காவலில் இருப்பவரிடம் போன் கிடையாது. அப்படியானால் எடுத்தது யார்? அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அது வெற்றிப் படம் அல்ல, விசாரிக்கப்பட வேண்டிய ஒரு காயத்தின் சாட்சியம்.

குழந்தைகள் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தைப் போக்சோ சட்டம் மறைக்கச் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்ட சிறாருக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அதே பாதுகாப்பைத் தருகிறது. முகத்தை மட்டும் மங்கலாக்கினால் போதாது. பள்ளிச் சீருடை, தெருப் பலகை, பக்கத்தில் நிற்கும் அம்மாவின் முகம் என எதுவும் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கும். எடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும், எடிட்டர் வெட்டிக்கொள்வார் என்று விடக் கூடாது.

முகமில்லாமல் படம் நிற்குமா? நிற்கும். பின்னாலிருந்து தோள்கள், வேனின் கம்பி வலையைப் பிடித்திருக்கும் விரல்கள், வாசலில் சாப்பாட்டுப் பையோடு காத்திருக்கும் குடும்பத்தின் கால்கள். விலங்கு மாட்டியிருந்தால் அந்தக் கைகளைக் கட்டாயம் எடுக்க வேண்டும். காரணம் பதியாமல் விலங்கு மாட்டுவது அரசமைப்புக்கு விரோதம் என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் சொல்லியிருக்கிறது.

போலீஸ்காரர் பணி செய்வதைப் படமெடுக்கும்போது இந்தத் தயக்கம் வேண்டாம். கைது செய்பவர் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியப் பட்டை அணிய வேண்டும் என்றது 1996-ன் டி.கே. பாசு தீர்ப்பு. பெயரே தெரிய வேண்டியவருக்கு முகத்தை மறைக்க என்ன உரிமை? போலீஸ் ஸ்டேஷன் அலுவல் ரகசியச் சட்டம் சொல்லும் தடைசெய்யப்பட்ட இடம் அல்ல என்று 2022-ல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸ் நடத்தும் சோதனையையே வீடியோவில் பதியச் சொல்கிறது. ஆனால் அவர்கள் வேலைக்குக் குறுக்கே போய் நிற்காதீர்கள். தள்ளி நின்று எடுங்கள்.

"தம்பி, டெலிட் பண்ணுங்க" என்பார்கள். குற்றத்தோடு தொடர்புள்ள பொருள் என்று சந்தேகித்தால் போலீஸ் போனைக் கைப்பற்றலாம். அப்படிக் கைப்பற்றினால் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அழிக்கச் சொல்வது கைப்பற்றுவது ஆகாது. பணிவாகச் சொல்லுங்கள்: "சார், தப்புன்னா முறைப்படி எழுதிக் கொடுத்துட்டு எடுத்துக்குங்க."

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களிடமும், கையில் போனோடு நடக்கும் எல்லோரிடமும் நான் கேட்பது இதுதான். பிடிபட்டவர் முகத்தை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அதிகாரத்தின் செயலைப் பதிய அஞ்சாதீர்கள்.