இருட்டில் ஒளிரும் பிளாஸ்டிக்... நம்ம ஊர் காற்றுக்குத் தாங்குமா?

பி.காம். படிக்கிறவனுக்கு வேதியியல் எதுக்கு என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். சரக்கு, தட்டுப்பாடு, போலி என்று வணிகவியல் சங்கதி எல்லாம் இதில் இருக்கிறது.

விளக்கை அணைத்ததும் பச்சையாக ஒளிரும் ஸ்டிக்கர்களைப் பார்த்திருப்பீர்கள். நல்ல ரகத்தில் இருப்பது ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பொடி. ஒளிர்வது பொடிதான், பிளாஸ்டிக் அதைத் தாங்குகிறது, அவ்வளவே. மணிக்கணக்கில் ஒளிரும். ஆனால் அதில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் தனிமங்கள் கொஞ்சம் சேர வேண்டும். 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டது. ஒரே கடையை நம்பினால் இதுதான் கதி!

அருமண் இல்லாமல், கார்பன் மூலக்கூறுகளையே ஒளிர வைக்க முடியாதா? முடியும். ஒளி பட்டதும் எலக்ட்ரான் மேலே ஏறும். பெரும்பாலும் உடனே இறங்கிவிடும். சில மட்டும் 'மும்மை நிலை'யில் மாட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும். அதுதான் பின்னொளிர்வு. 1944-ல் லூயிஸ், காஷா இருவரும் இதை விளக்கினார்கள். சிக்கல் என்னவென்றால், மூலக்கூறின் அசைவும் ஆக்சிஜனும் அந்த ஆற்றலைத் தின்றுவிடும். அதனால் உறைய வைத்துத்தான் பார்க்க முடிந்தது.

அறை வெப்பத்தில் அந்த வேலையைச் செய்வது பாலிவினைல் ஆல்கஹால். நெசவுப் பாவுக்குக் கஞ்சி போடவும் பயன்படும் அதே பாலிமர். ஹைட்ரஜன் பிணைப்புகளால் மூலக்கூறை இறுக்கிப் பிடிக்கும், ஆக்சிஜனைத் தடுக்கும், வளையவும் செய்யும். ஆனால் தண்ணீரில் கரையும். ஈரக்காற்று புகுந்தால் பிடி தளர்ந்து ஒளி மங்கிவிடும்.

எங்கள் தருமபுரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் பொரித்த அப்பளமே நமுத்துப் போகும். இந்தப் படலம் எம்மாத்திரம்?

நல்ல சேதியும் உண்டு. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் சுபி ஜார்ஜ் (2020 பட்நாகர் விருது பெற்றவர்) குழுவினர், மூலக்கூறுகளைச் செயற்கைக் களிமண் துகள்களோடு கட்டி, தண்ணீருக்குள்ளேயே ஒளிர வைத்திருக்கிறார்கள்.

புயல் நாளில் கரண்ட் போனால் மாடிப்படிக்கு இது உதவுமா? இப்போதைக்கு இல்லை. இவை பெரும்பாலும் சில நொடிகளே ஒளிரும். ஆனால் மருந்து அட்டையில் போலியைக் கண்டுபிடிக்க அந்த நொடிகள் போதும். புற ஊதா விளக்கை அணைத்த பிறகும் ஒளிர்ந்தால் அசல். சாதாரண ஒளிர்மை உடனே நின்றுவிடும்.

ஆக, ஒரு வணிகவியல் மாணவனின் கணக்கு இது: ஆய்வகத்தில் எத்தனை நொடி ஒளிர்ந்தது என்பதோடு, காரைக்கால் மருந்துக்கடை அலமாரியில் ஒரு மழைக்காலம் தாங்குகிறதா என்றும் பார்த்துத்தான் விலை பேச வேண்டும். சரிதானே?