நடு வீடு எங்கே இருக்கு?

"வீட்டு மாச வருமானம் எவ்வளவு?" கம்பஸ் உதவித்தொகைப் படிவத்தில் இந்தக் கட்டம் வந்ததும் அம்மாவுக்கு கோல் எடுத்தேன். "எந்த மாசத்தக் கேக்குற? மழ மாசமா, கொழுந்து மாசமா?" என்றார்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வீடுகளை வருமான வரிசையில் நிறுத்தி, சரி நடுவில் நிற்கும் வீட்டைப் பார்க்கும். அதுதான் இடையம். சராசரியை நாலு பணக்காரர் மேலே இழுத்துவிடலாம். இடையத்தை அப்படி இழுக்க முடியாது. இலங்கைக்கு அது 2016இல் 43,511 ரூபாய், 2019இல் 53,333.

2019இல் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 700. கிலோ குறைஞ்சு அரைப்பேர் விழாமல் ரெண்டு பேர் 25 நாள் வேலை செய்தாலும் 35,000தான். நாட்டின் நடு வீடு, பதுளை பசறைப் பக்கத்து எங்க லயத்திலிருந்து ரொம்பத் தூரம்.

இப்போ அண்ணா கொழும்புக் கடையிலிருந்து காசு அனுப்புறார். கணக்கெடுப்பில் அதுவும் வருமானம்தான். வரைபடத்தில் எங்க வீடு ஒரு படி ஏறியிருக்கும். சாப்பாட்டுத் தட்டு ஒன்று குறைந்தது அதில் தெரியாது.

பன்னிரண்டு மாசத்தையும் கூட்டி வகுத்தேன். "அண்ணன் காசையும் போட்டியா?" அம்மா கேட்டார். போட்டால் உதவித்தொகை கிடைக்காமல் போகலாம். போடாட்டி பொய்.

போட்டேன்.