அடிப்பூச்சின் அருமை

கண்ணுக்குத் தெரியும் வர்ணத்தைப் புகழ்வார் பலர். அதன் அடியில் மறைந்து நின்று இரும்பைக் காக்கும் பூச்சை நினைப்பார் சிலரே. வானவடியில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஸ்கூட்டரோ காரோ இல்லாத இல்லம் அரிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அவை மழையில் நனைந்தே நிற்கின்றன. ஆதலின் பிரைமர் எனப்படும் அடிப்பூச்சைப் பற்றி யான் அறிந்தவற்றைச் சங்கத்து அன்பர்களுக்குக் கூற விழைகின்றேன்.

பிழைப்பு நாடிப் பூனாவுக்கு வந்த என் தகப்பனார், பெயரைப் பதிவு செய்து பல ஆண்டுகள் காத்திருந்து பெற்றது ஒரு பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர். 1972-இல் விற்பனைக்கு வந்த அவ்வண்டி வகைக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. அச்சில் அழுத்தி உருவாக்கிய எஃகுத் தகடே அதற்கு எலும்பும் தோலுமாம். எனவே துரு அதன் அழகை மட்டுமன்றி, ஏறிச் செல்வோர் உயிரையும் தொடக்கூடியது. தகப்பனார் மறைந்த பின், “அப்பாவின் வண்டியை விற்றுவிடாதே அப்பா, பேரன் ஓட்டட்டும்” என்று என் அன்னையார் கேட்டுக்கொண்டார். ஓட்டத் தகுந்ததா என்று பார்க்கவேண்டிய பொறுப்பு என்னுடையதாயிற்று.

முன்னர் ஒரு பட்டறையில் அதற்கு வர்ணம் அடித்திருந்தார்கள். துருவைச் சுரண்டாமல், அதன் மேலேயே ரெட் ஆக்சைடைப் பூசி, பளபளக்கச் செய்து தந்துவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் கொப்புளங்கள் எழுந்தன. இரும்பு துருவாகும்போது முன்னிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே மேலே உள்ள பூச்சை அது உள்ளிருந்தே தூக்கி எறிகின்றது.

இம்முறை டிங்கர் வேலையில் முதிர்ந்த மராட்டியப் பெரியவர் ஒருவரிடம் சென்றேன். கால் வைக்கும் தகட்டை அவர் சுத்தியால் மெல்லத் தட்டினார். ஓரிடத்தில் சுத்தி உள்ளே போய்விட்டது! “காகா, இதற்கு எந்தப் பூச்சு நல்லது?” என்றேன். “ஓட்டைக்குப் பூச்சு மருந்தன்று” என்றார் அவர். அழுகிய பகுதியை வெட்டி நீக்கி, புதுத் தகட்டை வெல்டிங் செய்த பின்னரே பூச்சைப் பற்றிப் பேசினார்.

முதலில் 80-ஆம் எண் உப்புத்தாளால் எஃகு பளிச்சிடும்வரை தேய்த்து, எண்ணெய்ப் பசையை நீக்கவேண்டும். வெற்று எஃகைப் பற்றிக்கொள்ள இருவகைப் பூச்சுகள் உண்டு. ஒன்று எட்ச் பிரைமர். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் உலோகத்தைச் சற்றே அரித்துப் பிடிப்பு உண்டாக்கும். மற்றொன்று கடினமாக்கியைக் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர்; அது நீர் புகாத சுவர் போன்றது. அமிலப் பூச்சின்மீது நேராக எபாக்சியையோ புட்டியையோ இட்டால் அவை சரிவர இறுகாமற் போகலாம். ஆதலின் எங்கள் வண்டிக்கு எபாக்சியே தேர்ந்தார். அதன்மேல் புட்டி, அதன்மேல் மேடுபள்ளம் நிரப்பும் சர்பேசர். கறுப்பு வர்ணத்தை மெல்லத் தூவி 400-ஆம் எண் தாளால் தேய்த்தால், பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கிக் குறையைக் காட்டிக்கொடுக்கும். புட்டியும் சர்பேசரும் ஈரத்தை உறிஞ்சுபவை. மேல்வர்ணமின்றி அவற்றை மழையில் விடலாகாது.

பாஸ்பரஸுக்கும் இரும்புக்கும் உள்ள உறவு பழமையானது. சுமார் 1600 ஆண்டுகளாக நிற்கும் டில்லி இரும்புத்தூண் துருவால் அழியாமைக்கு, அதிலுள்ள மிகுதியான பாஸ்பரஸால் உண்டாகும் பாஸ்பேட் படலமே காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். அங்கும் காப்பது கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமே.

தகப்பனாரின் திதிக்குள் வண்டி வீடு வரவேண்டுமென்பது அன்னையாரின் ஆசை. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் தகட்டின்மீது கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியலாம் என்று கூறி, பெரியவர் வேலையை நிறுத்திவிட்டார். திதி கடந்தது. அன்னையார் வருந்தினாலும், “பேரன் ஏறும் வண்டி, பொறுத்தே வரட்டும்” என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். தாமதத்தால் கூலியை இழந்தவர் அந்தப் பெரியவரே என்பதையும் நான் மறக்கவில்லை.

மற்றொன்றும் சொல்லவேண்டும். சர்பேசரின் கடினமாக்கியிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது; முகத்தில் கட்டும் துணி அதைத் தடுக்காது. குரோமேட் கலந்த பழைய பூச்சுகளோ புற்றுநோய்க்கு இடந்தருபவை. தூய காற்றைக் குழாய்வழி தரும் முகமூடியுடன் வேலை செய்யும் பட்டறை சிறிது அதிகம் கேட்டாலும், அங்கேயே கொடுப்பது நம் கடமை.

ஆதலின் அன்பர்களே, வண்டியை ஒப்படைக்கும்போது என்ன நிறம் என்று பேசுவதற்கு முன், துருவை எதுவரை நீக்குவீர், வெற்றுத் தகட்டில் எதைப் பூசுவீர், எத்தனை நாள் உலரவிடுவீர் என மூன்று வினாக்களைக் கேளுங்கள். மேல்வர்ணம் அடிப்பதற்கு முன் ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். அதன்பின் பார்க்க இயலாது.