ஹான்லேயில் தங்காத இரவு

இவருக்கு நட்சத்திரப் பைத்தியம். நம் சந்திரசேகர் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி லடாக்கில், ஹான்லே மலை மேல் இருக்கிறது. அந்த ஊர் வானத்தை ஒரு ராத்திரியாவது பார்க்கணும் என்று வருஷக்கணக்காக ஆசை.

லேயிலிருந்து காரில் சுமார் 250 கிலோமீட்டர். சிந்து நதிக்கரையில்தான் பச்சை. மற்றதெல்லாம் மண்ணும் கல்லும். லே 11,500 அடி. அங்கே இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். ஹான்லே 14,000 அடி. நம் ஊரில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் அங்கே.

மத்தியானம் சேர்ந்ததுமே இவருக்குத் தலைவலி. மாத்திரைக்கு அடங்கவில்லை. பிறகு வாந்தி.

"ஒரு ராத்திரிதானே, தூங்கினா சரியாயிடும்."

"ராத்திரியிலேதான் முத்திப் போகும். எழுந்திருங்க."

நடை தள்ளாட ஆரம்பித்தால் மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தமாம். அதுவரை காத்திருக்க என்னால் முடியாது. இதற்குக் கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். நாலு மணிக்கே வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டேன். வழியெல்லாம் என்னோடு பேசவேயில்லை, கோபம்!

உப்ஷி வந்தபோது இரவு பத்து மணி. "பசிக்குதுடி" என்றார். அவித்து எடுத்து வந்திருந்த உருளைக்கிழங்கை உரித்துக் கொடுத்தேன். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, அண்ணாந்து பார்த்தபடியே தின்றார்.